மச்சான் கட்டின பெல்ட்டு

தம்பி, பையை இப்படியா வைக்கது? டிரைவர் ஒரு பிரேக் போட்டான்னா தலையில வந்து விழும். தள்ளுங்க, நான் கட்டுதேன். இந்தப் பை வாரை மேல் கம்பியில ரெண்டு சுத்து விட்டு, இழுத்து, ஒரு முடிச்சு. அம்புட்டுதான். இனி யானை வந்து இழுத்தாலும் வராது. தூத்துக்குடிதானே போறீங்க? அப்ப நிம்மதியா உக்காருங்க.

நமக்கும் தூத்துக்குடிதான். பாளையங்கோட்டையில எம் பொண்டாட்டி வழியில ஒரு கல்யாணம். பூசை முடிஞ்சு பந்தியும் முடிஞ்சது. அவ சாயங்காலம் வாரேன்னுட்டா. நல்லதாப் போச்சு. அவ பக்கத்துல இருந்தா என்னையப் பேச விட மாட்டா. நான் எதைச் சொன்னாலும் "இத ஊரு பூரா சொல்லியாச்சு"ம்பா. நீங்க ஊரா தம்பி? உங்ககிட்ட இன்னும் சொல்லலல்லா.

கட்டுறதைப் பத்தி என்கிட்ட ஒருத்தரும் பேசக் கூடாது. பேரு கஸ்பாரு. கடக்கரையில கேட்டுப் பாருங்க. அந்தக் காலத்துல முத்துக் குளிக்கப் போனா முங்குறவன் இடுப்புல கயிறு இருக்கும். மேல வள்ளத்துல ஒருத்தன் அந்தக் கயித்தைப் பிடிச்சிட்டு நிப்பான். கீழ இருந்து கயித்தை ஒரு சுண்டு சுண்டினா இவன் சட்டுன்னு இழுக்கணும். இழுக்கலைன்னா ஆள் அங்கனயே சமாதி. அந்தக் கயித்தை யார் கையில குடுப்பாங்க சொல்லுங்க பாப்போம். கூடப்பொறந்தவன் கையிலயா? குடுக்க மாட்டாங்க. அவனுக்குச் சொத்துல பங்கு இருக்கு, மனசு ஒரு நேரம் போல இருக்காது. பொண்டாட்டி கூடப்பொறந்தவன் கையிலதான் குடுப்பாங்க. மச்சான் கையில. ஏன்னா கீழ போறவன் உசுரு இவன் தங்கச்சி தாலி. தங்கச்சி தாலியை எவனாவது கை நழுவ விடுவானா?

எங்க அப்பா எங்க அத்தை புருசனுக்குப் பிடிச்சாரு. எங்க தாத்தாவும் அப்படித்தான். நான் முங்க மாட்டேன், சின்னதுல இருந்து காதுல சீழ். ஆனா கயிறு பிடிக்கக் காது எதுக்கு? எனக்கு ஒரே தங்கச்சி, ஜெனோவா. அவளை ரெய்மண்டுக்குப் பேசும்போது அவுக வீட்டுல நகை என்ன, பாத்திரம் என்னன்னு பேசிக்கிட்டு இருக்காவ. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "மாப்ள, கயிறு எனக்கு." அவனும் எந்திரிச்சு நின்னு "சரி மச்சான்"னான். அம்புட்டு பேருக்கு முன்னால. இத ஞாபகத்துல வச்சிக்கிடுங்க.

நல்லாத்தான் போச்சு. சங்கு குளிக்கப் போவான், நான் கயித்தோட நிப்பேன். அப்புறம் அதுல வரும்படி போதல. கொரைரா அண்ணாச்சின்னு ஒரு காண்ட்ராக்டர், அவிய கிட்டச் சேந்துட்டான். தோணிக்கு அடியில ஒட்டுற சிப்பியச் சுரண்டணும், புரொப்பல்லர்ல சுத்துன வலையை அறுக்கணும், அந்த மாதிரி வேலை. கொரைரா அண்ணாச்சி முதுகுல மாட்டுற காத்து சிலிண்டரும் அதுக்கு ஒரு ஜாக்கெட்டும் வாங்கிட்டு வந்துட்டாவ. ஜாக்கெட்டுக்குள்ள காத்தை விட்டா ஆள் மெதப்பான், காத்தை எடுத்தா இறங்குவான். சிலிண்டரை அந்த ஜாக்கெட்டோட முதுகுல வச்சு ஒரு பெல்ட்டால கட்டிக்கிடணும். கயிறே கிடையாது தம்பி! கயிறு வேண்டாமாம். அவன் பாட்டுக்கு இறங்குவானாம், அவன் பாட்டுக்கு வருவானாம்.

எனக்கு எப்படி இருக்கும்? வெறுங்கையோட தோணித்துறையில நிக்கேன், கல்யாண வீட்டுல சாப்பிட்டும் போகாம நிக்கிற ஆளு மாதிரி. ரெண்டு நாளா சோறு இறங்கல. மூணாம் நாளு அந்த சிலிண்டரைப் பாத்தேன், அந்தப் பெல்ட்டைப் பாத்தேன். அட, இதுல்லாவே இப்ப கயிறு! அது நெகிழ்ந்தா ஆள் போச்சு. "மாப்ள, பெல்ட்டு எனக்கு"ன்னேன். ரெய்மண்டு சிலிண்டரை இறக்கி எம் முன்னால வச்சான். அப்புறம் "சரி மச்சான்"னான். தங்கமான பய. அப்ப தங்கமாத்தான் இருந்தான்.

சொல்லிக் குடுக்க ஒரு சார் வந்தாரு, அரை டவுசரு போட்டுக்கிட்டு. பெல்ட்டை முதல்ல தண்ணியில முக்கி நல்லா நனைக்கணும்னாரு. அப்புறம்தான் சிலிண்டர்ல மாட்டி இழுக்கணுமாம். நான் கேட்டேன், "சார், இது எங்க போகுது?" "கடலுக்குள்ள"ன்னாரு. "கடல்ல தண்ணி இருக்குல்லா, அங்க போயி நனையாதா? கரையிலயே எதுக்கு நனைக்கணும்?" எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அவரு விடல. இது நைலான் பெல்ட்டு, நனைஞ்சா நீளும், காய்ஞ்சதைக் கட்டினா உள்ள போனதும் நெகிழ்ந்துரும்னாரு. யாருகிட்ட வந்து என்ன பேச்சு பேசுதாரு பாருங்க. பொறந்ததுல இருந்து கயிறு பிடிக்கேன். கயிறு நனைஞ்சா இறுகும் தம்பி. தென்னங்கயிறு, பருத்திக் கயிறு எதுன்னாலும் எடுத்துக்கோங்க. நனைஞ்ச முடிச்சைப் பல்லால கடிச்சாலும் அவுக்க முடியாது. நனைஞ்சா நெகிழும்னு எங்கயாவது கேட்டிருக்கீங்களா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

அவரு இன்னும் என்னெல்லாமோ சொன்னாரு. சிலிண்டர் வால்வோட வாய் முங்குறவன் முதுகைப் பாத்து இருக்கணும். ஜாக்கெட்டை ரொம்பக் கீழ கட்டினா வால்வு பிடதியில இடிக்கும், மேல கட்டினா சிலிண்டர் பின்னந்தொடையில இடிக்கும். சிலிண்டர் கழுத்துக்கு ஒரு சின்ன வார் இருக்கு, அதையும் வால்வுல மாட்டணும். கடைசியா ஜாக்கெட்டைக் கைப்பிடியோட தூக்கி ஒரு ஆட்டு ஆட்டிப் பாக்கணும், சிலிண்டர் அசையக் கூடாது. நான் கேட்டுக்கிட்டேன். கேக்கதுல நமக்கு என்ன நட்டம்? ஆனா கட்டினது என் கட்டு. காய்ஞ்ச பெல்ட்டை எடுத்து, முழங்காலை சிலிண்டர்ல குடுத்து, மூச்சைப் பிடிச்சு ஒரு இழு. தண்ணிக்குள்ள போனா இன்னும் இறுகிக்கிடும்.

ஒரு குறை வரல. கார்த்திகை பூரா கட்டினேன், கிறிஸ்மஸ் கழிஞ்சும் கட்டினேன், ஒண்ணும் ஆகல. ஒரே ஒரு விசயம். நான் கட்டி முடிச்சதும் ரெய்மண்டுக்கு ஒண்ணுக்கு வந்துரும். தினமும்! ஜாக்கெட்டு சிலிண்டரோட அப்படியே தூக்கிக்கிட்டு ஷெட்டுக்குப் பின்னால போயிருவான். கொஞ்ச நேரங்கழிச்சு வருவான். பாத்தா பெல்ட்டெல்லாம் ஈரமா இருக்கும். ஒரு நாள் கேட்டுட்டேன், "என்ன மாப்ள, ஒண்ணுக்குப் போகும்போது இதை எதுக்குத் தூக்கிட்டுப் போறே?" "களவு போயிரும் மச்சான்"னான். கைய கழுவும்போது பெல்ட்டுல பட்டுருக்கும்னு நெனச்சிக்கிட்டேன். சர்க்கரை இருக்கான்னு பாக்கச் சொல்லி ஜெனோவாகிட்டயும் சொன்னேன். தங்கச்சி புருசன் மேல நமக்கு ஒரு அக்கறை இல்லாமலா இருக்கும்?

அய்யோ! பை உங்க மேலயா விழுந்துட்டு? அடி ஒண்ணும் இல்லையே? பாத்தீங்களா, இந்த வல்லநாட்டுல வந்தா இவனுக எல்லாருமே இப்படித்தான் பிரேக் போடுவானுக. இப்படி மிதிச்சா பை என்ன செய்யும்? மடியிலயே வச்சிக்கிடுங்க. நான் கட்டினதுல தப்பில்ல, கம்பி வழுக்குது.

எங்க விட்டேன்? ஆங். பொங்கல் கழிஞ்சு ஒரு நாளு. சரக்கு ஏத்தின தோணி ஒண்ணு கிளம்ப முடியாம நிக்குது. புரொப்பல்லர்ல வலை. தோணிக்காரன் குதிக்கான், கொரைரா அண்ணாச்சி அதுக்கு மேல குதிக்காவ. "சீக்கிரம்லே, சீக்கிரம்லே." நான் கட்டி முடிச்சேன். ரெய்மண்டு வழக்கம் போல ஷெட்டுப் பக்கம் திரும்பினான். அண்ணாச்சி அவன் கையைப் பிடிச்சு இழுத்து "அதெல்லாம் வந்து போய்க்கிடலாம்லே"ன்னு சொல்லிட்டாவ. அவன் என்னையப் பாத்தான், பெல்ட்டைப் பாத்தான். சிலுவை போட்டுக்கிட்டுக் குதிச்சிட்டான்.

 தோணிக்கு அடியில போயிருக்கான். சிலிண்டர் பெல்ட்டுல இருந்து அப்படியே உருவிக் கீழ போயிருச்சு. கழுத்து வாரும் மாட்டல, அவசரம். சிலிண்டர்ல இருந்து வாய்க்கு ஒரு ரப்பர் குழாய் வருதுல்லா, அதுலதான் தொங்கியிருக்கு. அது இழுத்த இழுப்புல வாயில கடிச்சிருந்தது பிடுங்கிக்கிட்டுப் போயிருச்சு. தலைக்கு மேல தோணியோட அடிப்பலகை. மேல வர வழி கிடையாது, வாயில காத்தும் கிடையாது. நான் மேல நிக்கேன் தம்பி. குமிழி வருது, வருது, நின்னுபோச்சு. மாதாவேன்னு கத்துனேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கயிறுதான், இழுக்கிறதுக்கு அங்க கயிறு இல்ல. 

வந்துட்டான். அடிப்பலகையைத் தடவித் தடவி அந்தப் பக்கமா வந்து ஏறிட்டான். ஜாக்கெட்டுக்குக் காத்து போற குழாயில தொங்கின சிலிண்டரை இழுத்துப் பிடிச்சு, பிள்ளையைத் தூக்குற மாதிரி அணைச்சிக்கிட்டு வந்தான். உதடு கிழிஞ்சு ரத்தம். தோணித்துறையில போட்டுப் படுக்க வச்சோம். கொரைரா அண்ணாச்சி மூஞ்சி கறுத்துப் போச்சு. "எவம்லே கட்டினது?"ன்னு ஒரு சத்தம்.

இப்பதான் விசயத்துக்கு வாரேன். நல்லாக் கேளுங்க. அந்த ரெய்மண்டு, ரத்தத்தைத் துப்பிட்டு எந்திரிச்சு உக்காந்து சொல்லுதான்: "நான்தான் அண்ணாச்சி. நானே கட்டினேன்."

கேட்டீங்களா தம்பி! நானே கட்டினேனாம்! அம்புட்டு பேருக்கு முன்னால! அன்னைக்கு எந்திரிச்சு நின்னு எனக்குக் குடுத்த உரிமையை, எங்க அப்பா தாத்தா காலத்து உரிமையை, ஒரு வார்த்தையில தூக்கி அவன் மடியில வச்சிக்கிட்டான். நான் ஒருத்தன் அங்க நிக்கேன், மனுசனாவே மதிக்கல. எனக்கு வந்த கோவத்துக்கு அங்கயே கேட்டிருப்பேன். ஆனா பெரியவங்க கோவமா இருக்கும்போது குறுக்க பேசுற பழக்கம் எனக்கு எப்பவுமே கிடையாது.  "ஒழுங்காக் கட்டத் தெரியாதவனுக்கு இங்க வேலை இல்ல, உயிர்ப்பலி வாங்க நான் ஆளில்ல"ன்னு அண்ணாச்சி அவனை நிப்பாட்டிட்டாவ. உதட்டுல தையலோட வீட்டுல உக்காந்துட்டான். பொய் சொன்னா கடவுள் குடுப்பார்லா.

நான் பேச்சு வார்த்தையை நிப்பாட்டிட்டேன். கோயில்ல பாத்தாலும் தூண் அந்தப் பக்கம் போயி நிப்பேன். அவன் "மச்சான்"ம்பான், நான் மாதா சுரூபத்தைப் பாப்பேன். பாவம் ஜெனோவா, மீன் கருவாடு யாவாரத்துக்குப் போயிக்கிட்டிருந்தா. அரிசி கொண்டு போயிக் குடுத்தேன், அது வேற. அரிசி தங்கச்சிக்கு.

தவக்காலத்துல ஒரு நாளு அவளே வீட்டுக்கு வந்தா. "ஏண்ணே அவங்ககூடப் பேச மாட்டேங்கே? என்னன்னு கேட்டா அவங்களும் வாயைத் தொறக்க மாட்டேங்காங்க"ன்னா. பாருங்க, பொண்டாட்டிகிட்டக்கூட அவன் உண்மையைச் சொல்லல! எனக்குப் பொறுக்கல. கொட்டித் தீத்துட்டேன். "ஏட்டி, கட்டினது நான். உரிமை எனக்கு. உம் புருசன் அம்புட்டு பேர் மத்தியில தானே கட்டினேன்னு பொய் சொல்லுதான். இது அடுக்குமா? நீயே நியாயத்தைச் சொல்லு."

அவ முந்தானையைக் கையில சுத்திக்கிட்டே இருந்தா. அப்புறம் மெதுவாக் கேட்டா, "நீதான் கட்டினியா?"

"நான்தான்!"

"நனைச்சா காய்ஞ்சா?"

"காய்ஞ்சுதான். நனைஞ்சா தானா இறுகும்லா."

"அண்ணாச்சி கேட்டப்ப ஏன் சொல்லல? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

பொம்பளைங்ககிட்ட நியாயம் கேக்கக் கூடாது தம்பி. நான் ஒண்ணு கேக்கேன், அவ ஒண்ணு கேக்கா. டீ போட்டு வச்சிருந்தேன், குடிக்காமப் போயிட்டா.

அதுக்கப்புறம் அவ செஞ்ச கூத்தைக் கேளுங்க. பெரிய பிளாஸ்டிக் பைப்பு ஒண்ணை எடுத்து மண்ணை அடைச்சு ரெண்டு பக்கமும் மூடி, வீட்டு முத்தத்துல நட்டமா நிறுத்தி வச்சிருக்கா. எங்கிருந்தோ ஒரு பழைய ஜாக்கெட்டு வாங்கிட்டு வந்து அதுல கட்டுதா, அவுக்கா, கட்டுதா, அவுக்கா. ரெய்மண்டு நாற்காலியைப் போட்டு உக்காந்து சொல்லிக் குடுக்கான். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்கெல்லாம் வேடிக்கை பாக்குது. எனக்கு மானம் போச்சு. அப்புறம் அவளே கொரைரா அண்ணாச்சி வீட்டுக்குப் போயி என்ன பேசினாளோ, உயிர்ப்பு ஞாயிறு கழிஞ்சு அவனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுட்டாவ. நான் போனேன். போகணும்லா? உரிமை நம்மளுது. மன்னிப்புக் கேட்டான்னா கட்டிக் குடுப்போம்னு, வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போனேன்.

போனா, தோணித்துறையில ஜெனோவா நிக்கா! அம்புட்டு ஆம்பளைக்கு நடுவுல, சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு. ஒரு வாளித் தண்ணி. பெல்ட்டைத் தூக்கி அதுல போட்டு, துணி துவைக்கிற மாதிரி அமுக்கி அமுக்கி எடுத்தா. சிலிண்டர்ல மாட்டினா. வால்வு வாயை முதுகுப் பக்கம் திருப்பினா. ஜாக்கெட்டுக் கழுத்தும் வால்வும் சரியா இருக்கான்னு குனிஞ்சு ஒரு கண்ணை மூடிப் பாத்தா. முழங்காலைக் குடுத்து இழுத்தா பாருங்க, கழுத்து நரம்பு புடைச்சுக்கிட்டு. பெல்ட்டுப் பக்கிளை மடக்கி அடிச்சா. கழுத்து வாரை மாட்டினா. 

நான் பக்கத்துல போயி, "ஏட்டி, ஊர் சிரிக்கும். இது மச்சான் வேலை. பொண்டாட்டி கட்டின வழக்கம் உண்டா?"ன்னேன்.

அவ நிமுந்து பாத்தா. கண்ணு பூரா தண்ணி. "மச்சான் ஏண்ணே கட்டுதான்? தங்கச்சி தாலிக்காகத்தானே? அந்தத் தாலி எங்கழுத்துலதான் கிடக்கு. எனக்கு நானே கட்டிக்கிடுதேன்."

அடிச்சிருந்தாக்கூட அப்படி வலிச்சிருக்காது தம்பி. தூக்கி வளத்த பிள்ளை. சரி, நீ என்னத்தக் கட்டிக் கிழிச்சிருக்கேன்னு பாப்போம்னு, கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்கி ஆட்டினேன். இருக்கிற பலத்தை எல்லாம் சேத்து ஆட்டினேன். மூச்சு வாங்குது. அந்த சிலிண்டர் குத்துக்கல்லு மாதிரி நிக்குது. "புதுசுல எல்லாம் அப்படித்தான் இருக்கும், நாளைக்குப் பாப்போம்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

மறுநாளும் போனேன். அசையல. விட்டுருவேனா? தினமும் போறேன். மழையின்னாலும் போறேன், காச்சல்னாலும் போறேன். அவ கட்டி முடிச்சதும் தூக்கி ஆட்டு ஆட்டுன்னு ஆட்டிப்புட்டுத்தான் அவனைத் தண்ணிக்கு விடுவேன். ரெய்மண்டு கைய கட்டிக்கிட்டு நிப்பான். பேச்சு வார்த்தை இன்னும் கிடையாது. ஆட்டுறது மட்டும்தான்.

போன மாசம் அகப்பட்டா! அவ பிள்ளைக்கு வாந்தி பேதி, அவளுக்குத் தூக்கமில்ல. கட்டினா. நான் தூக்கி ஆட்டினேன். சிலிண்டர் ஒரு விரக்கடை இறங்குச்சு. பெல்ட்டு நுனியைப் பக்கிளோட கடைசித் துவாரத்துல கோக்காம விட்டுருக்கா. ஆகா! நான் போட்ட சத்தம் மாதா கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். "பாருங்கலே எல்லாரும் வந்து பாருங்கலே, இவ கட்டின கட்டை!" எனக்கு இருந்த சந்தோசத்தை என்ன சொல்ல! ஜெனோவா மூஞ்சி செத்தவ மூஞ்சி ஆயிட்டு. அவுத்துத் திரும்ப நனைச்சு, முழங்காலைக் குடுத்துக் கட்டினா. அப்புறம் எங்கிட்ட வந்து எங்கையை ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டா. "அண்ணே, நாளைக்கும் வா. என்னைக்கும் வரணும்"னா. தோத்துட்டால்லா, வேற என்ன சொல்லுவா? நானும் பெரிய மனசு பண்ணி, சரி வாரேன்னேன்.

இன்னைக்கு ஒரு நாள்தான் போகல, இந்தக் கல்யாணத்துக்காக. ஆட்டுறதுக்கு ஷெட்டுல வேலை பாக்கிற பிச்சைமணியை வச்சுக்கோங்கன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.

ஒரு நிமிசம் தம்பி, போன் அடிக்கு. ஜெனோவாதான்.

என்னட்டி? பஸ்ஸுல வாரேன், வாகைக்குளம் தாண்டிட்டேன். ஏன், என்ன ஆச்சு? உம் புருசன் தண்ணியில இறங்கலையா? காலையில இருந்தா? தோணிக்காரன் கத்தட்டும், அதுக்கு நான் என்ன செய்ய? அந்தப் பிச்சைமணி நிக்கானே, அவன் தூக்கி ஆட்டிப் பாத்தா என்ன? ஆட்டிட்டானா? அப்புறம் என்ன? ... என்னது? திரும்பச் சொல்லு. இந்த பஸ்ஸு இரைச்சல்ல கேக்கல.

மச்சான் வரட்டும்னானா? ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டே உக்காந்திருக்கானா? சாப்பிட்டானா? அதுவும் இல்லையா? சரி, அழாதே. ஏட்டி, நான் சொல்லுததைக் கேளு. நான் வந்து கை வைக்காம ஒருத்தரும் அவனைத் தண்ணியில இறக்கக் கூடாது. அண்ணாச்சி சொன்னாலும் சரிதான், கொரைரா அண்ணாச்சிக்கு அப்பன் வந்து சொன்னாலும் சரிதான். இறங்கினான்னா காலை ஒடிச்சுருவேன்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு. பெல்ட்டு காய்ஞ்சிருக்கும், வாளியில தண்ணி எடுத்து வை.

பாத்தீங்களா தம்பி அவன் திமிரை? ஒரு நாள், ஒரே ஒரு நாள் மனுசனை நிம்மதியா ஒரு கல்யாணத்துக்குப் போக விடுதானா? கண்டக்டர் அண்ணாச்சி, மூணாவது மைல் ஸ்டாப்புல ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க, அங்கன இறங்கி ஆட்டோ பிடிச்சாத்தான் வெளிச்சம் இருக்கும்போதே போயிச் சேர முடியும். காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க தம்பி, நான் வாசல்ல போயி நிக்கேன்.